கச்சான் காற்றுக்கு ஒரு பிரஷர், வாடைக்கு இன்னொரு பிரஷர்: எப்படிக் கவனிப்பது

அம்மாவின் பிரஷரை வீட்டிலேயே அளந்து ஒரு சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கி மூன்று வருடமாகிறது. முதல் வருடத்து ஆனி மாதப் பக்கத்தில் 114க்கு 68, 110க்கு 66 என்று இருக்கிறது. அதே கொப்பியில் தை மாதப் பக்கத்தில் 142க்கு 86, 146க்கு 84. அதே அம்மா, அதே குளிசைகள், அதே மெசின். மாறியது வெளியே அடித்த காற்று மட்டும்தான்.

கொப்பி எழுத வேண்டி வந்ததே ஒரு பயத்தில்தான். அந்த ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணியிருக்கும், கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த அம்மா கண் இருட்டுகிறது என்று சொல்லி என் தோளைப் பிடித்தார், அடுத்த நொடி கால் மடிந்து கீழே இருந்துவிட்டார். கிளினிக்கில் படுக்கவைத்துப் பார்த்தபோது மேல் எண் 116, எழுப்பி நிற்கவைத்துப் பார்த்தபோது 90. "வெயில் காலத்தில் இந்தத் தண்ணிக் குளிசை இவருக்குக் கூடிப்போகிறது" என்று சொல்லி, சிறுநீரைக் கூட்டும் அந்தக் குளிசையின் அளவை டொக்டர் குறைத்தார். கொப்பி தொடங்கியது அதற்குப் பிறகுதான். சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மார்கழி வந்ததும் எண் மேலே ஏறத் தொடங்கியது.

திருகோணமலையில் குளிர்காலம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நுவரெலியா மாதிரிக் குளிர் நமக்கு இல்லைதான். ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி, மழையை எல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, காய்ந்த சூட்டோடு வந்து அடிக்கும் கச்சான் காற்றில் பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியஸ் என்று நிற்கும், சில நாள் அதற்கும் மேலே போகும். மார்கழி தையில் வாடை அடிக்கும் இரவுகளில் 24 பாகை வரை இறங்கும். பத்துப் பாகை வித்தியாசம் நமக்குச் சின்னதாகத் தெரியலாம், இரத்தக் குழாய்களுக்கு அது சின்னதில்லை.

வெக்கையில் உள்ளே நடப்பது

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லீட்டர் இரத்தம். அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் மிதக்கும் திரவம், அந்தப் பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். வெக்கை கூடும்போது உடம்பு தன் சூட்டைத் தோல் வழியாகத்தான் வெளியே தள்ள வேண்டும், அதற்காகத் தோலுக்குக் கீழே இருக்கும் சிறு குழாய்கள் எல்லாம் விரிகின்றன. சாதாரணமாக இருக்கும்போது நிமிடத்துக்குக் கால் லீட்டர் சொச்சம் இரத்தம் ஓடும் தோலில், கடும் வெக்கையில் ஆறு, ஏழு லீட்டர் வரை ஓடும். குழாய் விரிந்தால் அழுத்தம் குறையும், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். வெயிலில் சும்மா நடந்து வந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று வயதானவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான், அவர்கள் சோம்பலில் சொல்லவில்லை.

இதற்கு மேல் வியர்வை. வெயிலில் கடுமையாக வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லீட்டருக்கு மேல்கூடப் போகும், அது எடுக்கப்படுவது பிளாஸ்மாவிலிருந்து. தண்ணீர் போய்விட்டால் மிச்சம் இருக்கும் இரத்தம் தடிக்கும். "வெயில் காலத்தில் இரத்தம் தண்ணியாகிவிடும், பயமில்லை" என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மை, பாதி ஆபத்து. தொடர்ந்து வெக்கையில் பழகும் உடம்பு 10 முதல் 14 நாளில் பிளாஸ்மாவைக் கூட்டிக்கொள்ளும், வியர்வையில் உப்புப் போவதையும் குறைத்துக்கொள்ளும். அந்த அளவில் இரத்தம் கொஞ்சம் இளகியிருப்பது உண்மை. அந்தப் பழக்கம் வருவதற்கு முன்னாலும், போதிய தண்ணீர் குடிக்காத எந்த நாளிலும் நடப்பது நேர்மாறு: இரத்தம் தடித்து, கட்டி பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

அதனால் கச்சான் தொடங்கும் முதல் இரண்டு கிழமையைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இன்னொரு கூட்டத்துக்கும் இதே பயம் இருக்க வேண்டும்: ஆடி, ஆவணியில் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் சொந்தங்கள். வந்து இறங்கிய அடுத்த நாளே நண்பகலில் கோணேசர் கோயில் மேட்டில் ஏறி, அப்புறம் நிலாவெளிக் கடலில் மூன்று மணி வரை நின்றால், பழகாத உடம்பு அதைத் தாங்காது. பெரியம்மா, சித்தப்பா யாராவது பிரஷர் குளிசையோடு வந்திருந்தால் முதல் பத்து நாளைக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் மட்டும் வெளியே கூட்டிப்போங்கள்.

கச்சான் காலத்துக்குச் செய்ய வேண்டியவை

தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்பதில்தான் விஷயம். வயது கூடக்கூடத் தாகம் எடுப்பது பிந்துகிறது, ஆகவே தாகத்தை நம்ப முடியாது, நேரத்தை நம்புங்கள். வீட்டில் இருக்கும் முதியவருக்கு ஒரு ஒன்றரை லீட்டர்ப் போத்தலைக் காலையில் நிரப்பி அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குள் பாதி முடிந்ததா என்று பாருங்கள். வயலிலோ கட்டட வேலையிலோ நிற்பவர் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் ஒரு போத்தலைக் காலி செய்வதால் பயனில்லை. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், பிளேன்ரீ நிறத்துக்கு வந்துவிட்டால் இரத்தத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இதய பலவீனத்துக்காகவோ சிறுநீரக வருத்தத்துக்காகவோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் தங்கள் அளவை வெயில் காலத்துக்கு மாற்ற வேண்டுமா என்று கிளினிக்கிலேயே கேட்க வேண்டும்.

என்ன குடிப்பது? தண்ணீர்தான் முதல். மோர், உப்புக் கொஞ்சமாகப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு பழஞ்சோற்றுத் தண்ணீர், இவையெல்லாம் நம் பாட்டன் பூட்டன் சரியாகவே கண்டுபிடித்து வைத்தவை. வத்தகப்பழமும் வெள்ளரிப்பழமும் சந்தையில் மலிந்து கிடக்கும் காலம் அது, வாங்கிச் சாப்பிடுங்கள். இளநீர் மிக நல்லது, ஒரு எச்சரிக்கையோடு: அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள், லொசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற குளிசை எடுப்பவர்கள் தினமும் இரண்டு மூன்று இளநீர் என்று போகக் கூடாது, அந்தக் குளிசைகளே உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் மா வயிற்றோட்டத்துக்கும், நாள் முழுக்க வியர்த்து ஒழுகியவருக்கும். ஒரு பைக்கற்றை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து 24 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சினால் ஊற்றிவிட வேண்டும். வீட்டில் விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு தாகத்துக்கு ஜீவனி குடிப்பது பிரஷர்காரருக்குத் தேவையில்லாத உப்பு. வியர்வையில் உப்புப் போகிறதே, சோற்றில் கூடப் போட்டால் என்ன என்று அம்மாவும் கேட்டார். பழகிய உடம்பு உப்பைத் தானே மிச்சம் பிடிக்கும், நம் குழம்பிலும் சம்பலிலும் இருப்பதே தாராளம்.

எழும்பும் விதம் இன்னொன்று. படுக்கையிலிருந்தோ சாய்மனைக் கதிரையிலிருந்தோ சட்டென்று எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்குகிறது, வெக்கையில் விரிந்த குழாய்கள் அதை மேலே தள்ளப் பிந்துகின்றன, மூளைக்குப் போவது குறைகிறது. கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் இருந்து, கணுக்காலை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டி, பிறகு எழும்பச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் தேங்கிய இரத்தம் மேலே ஏறுகிறது. கோயில் வரிசையோ வங்கி வரிசையோ, அசையாமல் நிற்காமல் குதிக்காலைத் தூக்கித் தூக்கி வையுங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள், கதிரையில் நிமிர்த்தி வைக்கவும் வேண்டாம், படுக்கவைத்துக் காலை ஒரு முழம் உயர்த்திப் பிடியுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முழிப்பு வரும், வராவிட்டால் அது வேறு விஷயம், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

வெக்கைக்குக் கணுக்கால் வீங்குவது பலருக்கு உண்டு, அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக. மாலையில் தலையணை வைத்துக் காலைத் தூக்கிப் படுத்தால் காலையில் வற்றிவிடும். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் இதுதான். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் நோவும் சூடும் இருந்தால் ஆழத்து நாளத்தில் இரத்தக்கட்டி பிடித்திருக்கலாம், அதை உருவிவிடவும் கூடாது, எண்ணெய் தேய்க்கவும் கூடாது, அன்றைக்கே வைத்தியசாலை. கொழும்புக்கு ஏழு எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வழியில் சிறுநீர் கழிக்க இடமில்லையே என்று தண்ணீரும் குடிக்காமல் போகிறவர்கள், முக்கியமாக நம் பெண்கள், இதை மனதில் வையுங்கள். ஹபரணையில் பஸ் நின்றால் கட்டாயம் இறங்கி நடவுங்கள்.

கச்சான் காற்று மூக்குத் தோலைக் காயவைத்துச் சிலருக்கு மூக்கால் இரத்தம் வரும். தலையை அண்ணாந்து பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம், அது பிழை, இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். முன்னுக்குக் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இறுக்கி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். இடையில் திறந்து பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திருகோணமலையைக் கடந்து வெருகல் வழியாக நடப்பதும் இந்தச் சூட்டில்தான். விரதம் என்று பிரஷர், சீனிக் குளிசைகளைத் தாங்களே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், முருகன் அதைக் கேட்கவில்லை. புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் டொக்டரிடம் போய் "இத்தனை நாள் நடக்கப்போகிறேன், ஒரு நேரம்தான் சாப்பிடுவேன்" என்று சொல்லி அளவைக் கேட்டுக்கொண்டு போங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், காலில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும், சுடுமணலில் வெறுங்காலில் நடந்து கொப்புளம் வந்ததே தெரியாமல் அது புண்ணாகிவிடும். ஒவ்வொரு இரவும் உள்ளங்காலை வெளிச்சத்தில் இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு பிடிக்கும் என் கூட்டாளிமாருக்கும் இதையேதான் சொல்வேன்: குளிசையை விடுவதும் நேரத்தை மாற்றுவதும் உங்கள் முடிவாக இருக்க வேண்டாம், நோன்பு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கொப்பி எழுதுவது எப்படி

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு முறை, வெயிலில் நடந்து வந்து, இரண்டு மணித்தியாலம் வாங்கில் காத்திருந்து, பதற்றத்தோடு எடுக்கும் ஒரு அளவை வைத்து ஒரு வருடத்துக் குளிசையைத் தீர்மானிக்க எந்த டொக்டராலும் முடியாது. நீங்கள் கொண்டுபோகும் கொப்பிதான் அவருக்குக் கண்.

வருடம் முழுக்கத் தினமும் அளக்கத் தேவையில்லை. காற்று மாறும் இரண்டு தடவை, அதாவது சித்திரை முடிந்து கச்சான் எழும்பும் கிழமையில் ஏழு நாளும், கார்த்திகை மழை தொடங்கி வாடை திரும்பும் கிழமையில் ஏழு நாளும். இடையில் தலைச்சுற்றோ தலையிடியோ வந்தால் அன்றைக்கும். கையின் மேற்புறத்தில் கட்டும் மெசின் வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், கைப்பட்டியும் கை அளவுக்குப் பொருந்த வேண்டும்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, தேநீருக்கும் குளிசைக்கும் முன், முதுகு சாய்ந்த கதிரையில், இரண்டு பாதமும் நிலத்தில் பட, கை மேசையில் நெஞ்சு உயரத்தில் இருக்க, பேசாமல் ஐந்து நிமிடம். பிறகு ஒரு அளவு, ஒரு நிமிடம் விட்டு இன்னொரு அளவு. மாலையிலும் அப்படியே. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளைக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135க்கு 85ஐத் தாண்டினால் அது கூடிய பிரஷர், கிளினிக்கில் எடுக்கும்போது அந்த எல்லை 140க்கு 90. வெயில் காலத்தில் ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள்: இருந்து எடுத்த பிறகு எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 விழுந்தால் கொப்பியில் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள், விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு முன் டொக்டருக்குத் தெரிய வேண்டிய எண் அதுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் அன்றைய வெயில், மழை, நித்திரை, கருவாடு சாப்பிட்டதா என்றும் எழுதுங்கள். கருவாட்டுக்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன்.

பருவத்தால் வரும் வித்தியாசம் சராசரியாக மேல் எண்ணில் ஐந்து புள்ளி அளவுதான், வயதானவர்களிடம் அது கூடுதல், குளிசை எடுக்கும் மெலிந்த வயதானவர்களிடம் அம்மாவுக்கு வந்தது போல இன்னும் கூடுதலாக வரலாம். எவ்வளவு வந்தாலும், எண் இறங்கிவிட்டது என்று குளிசையைப் பாதியாக உடைப்பதும், ஏறிவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவின் குளிசையில் ஒன்றை வாங்கிப் போடுவதும் கூடாது. பிசோப்ரோலோல், அட்டனோலோல் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கே ஆபத்து.

வாடை திரும்பும்போது

லண்டனில் கீட்டிங் என்ற உடலியல் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவும் 1984இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு சோதனையை எழுதினார்கள். ஆட்களை மெல்லிய உடுப்போடு, காற்று வீசும் அறையில், ஆறு மணித்தியாலம் இருக்கவைத்தார்கள். அறையின் வெப்பம் எவ்வளவு தெரியுமா? 24 பாகை. நம் மார்கழி இரவின் வெப்பம்! உடம்பின் உள் வெப்பம் அரைப் பாகைகூட இறங்கவில்லை, ஆனால் சராசரிப் பிரஷர் 126க்கு 69இலிருந்து 138க்கு 87க்கு ஏறியது, இரத்தத்தின் தடிப்பு 21 சதவீதம் கூடியது, இரத்தம் உறைய உதவும் இரத்தத்தட்டுகளும் சிவப்பணுக்களின் செறிவும் கூடின. நடப்பது இதுதான்: தோல் குளிர்ந்ததும் அங்கிருக்கும் குழாய்கள் சுருங்கி, இரத்தம் உள்ளே தள்ளப்படுகிறது. உள்ளே கூடிவிட்டதே என்று நினைத்துச் சிறுநீரகம் தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. மழைக்காலத்தில் அடிக்கடி சிறுநீர் வருவது அதனால்தான். தண்ணீர் போனபின் மிஞ்சுவது தடித்த இரத்தம், ஒடுங்கிய குழாய், கூடிய அழுத்தம். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இது நல்ல நிலம். குளிர் நாட்டு விஷயம் என்று நான் நினைத்திருந்த ஒன்று நம் கடற்கரையின் வாடைக்கும் பொருந்துகிறது என்று புரிந்தபோதுதான் அம்மாவின் தை மாதப் பக்கம் எனக்கு விளங்கியது.

நனைந்த உடம்பில் காற்றுப் படுவதுதான் நம்மிடம் கூடுதல். விடியற்காலையில் கடலுக்குப் போய் நனைந்தபடி கரைக்கு வருபவர்கள், மழையில் மோட்டார் சைக்கிளில் உப்புவெளியிலிருந்து டவுனுக்கு வருபவர்கள், நனைந்த சேர்ட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் தேநீர். தலையும் காதும் மூடுங்கள், படுக்கும்போது விசிறியைக் குறைத்துக் காலுக்கு ஒரு போர்வை. குளிருக்குச் சாராயம் நல்லது என்பதை விட்டுவிடுங்கள், அது தோல் குழாய்களை விரித்துச் சூடு வந்த மாதிரிக் காட்டி உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிப்பது இந்தக் காலத்திலும் வேண்டும்.

திருவெம்பாவைக் காலத்தில் நாலரை மணிக்கு எழும்பிக் கிணற்றில் தலைக்கு வார்ப்பவர்களை நான் தடுக்கமாட்டேன், அம்மாவையும் தடுக்க முடியவில்லை. வார்க்கும் ஒழுங்கை மட்டும் மாற்றினோம். முதல் வாளி பாதத்துக்கு, பிறகு முழங்கால், கை, தோள், கடைசியில் தலை. குளிர்ந்த தண்ணீர் சட்டென்று தலையிலும் நெஞ்சிலும் விழும்போது பிரஷர் அந்தக் கணமே எகிறும், மாரடைப்பு அதிகம் வருவதும் காலை நேரத்தில்தான். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இளஞ்சூட்டு நீரில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகட்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நடப்பது இதற்கு எதிர்: 40 பாகையை ஒட்டிய நீரை மேலே வார்க்க வார்க்கக் குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கும், குளிசை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் போனவருக்கு அந்த ஈரத் தரையில் தலை சுற்றலாம். குளித்ததும் கொஞ்சம் குந்தியிருந்துவிட்டு வாருங்கள்.

விரல் நுனிகள் குளிரில் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து குத்தினால் அது ரேனோ என்ற நிலை, பெண்களுக்கு அதிகம். கையை இளஞ்சூட்டு நீரில் வையுங்கள், நெருப்பில் காட்ட வேண்டாம். புகைப்பவராக இருந்தால் நிறுத்துவதுதான் மருந்து. புண் வந்தால் கிளினிக்.

இப்போது கருவாடு. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பு, வள்ளங்கள் கரையில், சந்தையில் பச்சை மீன் அருந்தல், இருப்பதும் விலை. என்ன செய்கிறோம்? கருவாட்டுக் குழம்பு, பொரித்த கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய். குளிரால் ஒரு பக்கம் பிரஷர் ஏறும் அதே மாதங்களில்தான் நம் தட்டில் உப்பும் ஏறுகிறது. அம்மாவின் கொப்பியில் கருவாடு என்று எழுதிய நாட்களுக்கு அடுத்த காலை எண்களைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, இரண்டாம் தடவையும் ஊறவைத்து, குழம்புக்கு வேறு உப்புப் போடாமல் சமையுங்கள், கிழமைக்கு ஒரு நாள் போதும். மற்ற நாட்களுக்குப் பயறு, கடலை, முருங்கையிலை, முட்டை.

மழைக்குப் பின் வரும் காய்ச்சல்

இரத்தத்தைப் பற்றி எழுதிவிட்டு டெங்குவைச் சொல்லாமல் போக முடியாது. மாரி மழை விட்டு, தண்ணீர் தேங்கிய கிழமைகளில் அது வருகிறது. 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை, அந்த வருடம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் பதிவானார்கள்.

டெங்குவில் இரத்தத்தட்டு குறைவதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சாதாரணமாக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது ஒரு இலட்சத்துக்குக் கீழே வரும். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இன்னொன்று: குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து வெளியே போவது. இரத்தப் பரிசோதனைத் தாளில் இரத்தத்தட்டு இறங்க, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பீசீவி என்ற எண் ஏறினால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இது காய்ச்சல் விடும் நேரத்தில், மூன்றாம் நாளுக்குப் பின் நடப்பதால், "காய்ச்சல் விட்டுவிட்டது" என்று வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அதுவும் நிறைக்கு ஏற்ற அளவில். அஸ்பிரின், இபுபுரூபன், டைக்குளோபெனக் எதுவும் வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். இதயத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் காய்ச்சல் வந்த முதல் நாளே டொக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளைத் தாண்டிக் காய்ச்சல் நின்றால் இரத்தப் பரிசோதனை. வயிற்று நோ, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், பல் ஈறிலோ மலத்திலோ இரத்தம், தூங்கி வழிதல், இதில் ஒன்று வந்தாலும் வைத்தியசாலை. பப்பாசி இலைச் சாறு குடித்துக்கொண்டு ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

1990ஐ அழைக்கும் நேரம்

வெயிலில் நின்றவர் உளறினால், நடை தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சி, உள் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். நிழலுக்குக் கொண்டுபோய் உடுப்பைத் தளர்த்தி, தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள், கழுத்துக்கும் கமக்கட்டுக்கும் ஐஸ் வையுங்கள், நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சு குழறினால் பக்கவாதம். கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சை அமுக்கும் நோவு தாடைக்கோ இடது கைக்கோ ஏறி, குளிர்ந்து வியர்த்தால் மாரடைப்பு. சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் மூச்சுத் திணறல் மட்டும் வரலாம். 180க்கு 120ஐத் தாண்டிய அளவோடு நெஞ்சு நோவோ, பார்வை மங்கலோ, கடும் தலையிடியோ இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலேயே பேசலாம். வரும்வரை ஆளை நடக்கவிடாதீர்கள், வாசல் விளக்கைப் போட்டு ஒருவரை ஒழுங்கை முனையில் நிற்கச் சொல்லுங்கள், கிளினிக் கொப்பி, குளிசைப் பை, அந்த சீஆர் கொப்பி மூன்றையும் கையில் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அவை கதவுக்குப் பின்னால் ஒரே பையில் தொங்குகின்றன.